பேர் சொல்லி ஜெபித்தோம்

வண்டி கிளம்பும்போது கண்ணை மூடி ஜெபிச்சீங்கள்ல, அதான் கேட்டேன், நீங்களும் நம்ம ஆளுகதானான்னு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வாய் அசையவே இல்லை, ஆனா எனக்குத் தெரிஞ்சிரும். முப்பத்திரண்டு வருஷம் டீச்சரா இருந்தவ நான். எந்தப் பிள்ளை நெசமா ஜெபிக்குது, எந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு டிபன் பாக்ஸை நினைக்குதுன்னு காலையில பிரேயர்லயே கண்டுபிடிச்சிருவேன்.

நாகர்கோவில் வரைக்குமா? நானும் அங்கதான் இறங்கணும். அங்க இருந்து வேற வண்டி மாறி தூத்துக்குடி போகணும். என் பேரு ரூபவதி. ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. எங்க சபையில ரூபவதி டீச்சர்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஏன்னா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வீட்டு முன்னறையிலதான் பெண்கள் ஜெபக்குழு. பதினோரு வருஷம் நடத்தினேன். மழை வெள்ளத்துக்கு நிறுத்தினதில்லை. எங்க வீட்டுக்காரர் தவறினப்பகூட நிறுத்தலை. வியாழக்கிழமை அடக்கம், அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபம். எங்க போதகரே பிரசங்கத்துல அதைச் சொன்னாரு.

மார்த்தாண்டத்துக்கு எதுக்கு வந்தீங்கன்னு கேட்டீங்கள்ல. ஒருத்தியைப் பார்க்க வந்தேன். எப்சிபான்னு பேரு. சொல்லிட்டேன், பரவாயில்லை, இந்தப் பக்கம் எத்தனையோ எப்சிபா இருப்பாங்க.

அவ எங்க தெருவுக்கு வாடகைக்கு வந்து மூணு வருஷம் இருக்கும். சொந்த ஊர் இந்தப் பக்கம். புருஷன் றசல்ராஜ், உப்புக் கம்பெனியில சூப்பர்வைசர். அவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூணு வயசு. ஒல்லியா இருப்பா. பக்கத்துல ஒரு நர்சரி ஸ்கூல்ல ஆயாம்மாவா சேர்ந்திருந்தா. எல்.கே.ஜி. பிள்ளைகளை பாத்ரூம் கூட்டிட்டுப் போறது, சோறு ஊட்டுறது, தூங்க வைக்கிறது. பிள்ளைகளுக்கு அவகிட்ட அப்படி ஒரு ஒட்டுதல். சாயங்காலம் வீட்டுக்குப் போகமாட்டேன்னு அவ சேலையைப் பிடிச்சிக்கிட்டு அழும்.

நான்தான் போய் அவளை ஜெபக்குழுவுக்குக் கூப்பிட்டேன். வந்தா. ஒரு வாரம்கூட தவறாம வந்தா. வந்து மூலையில உட்காருவா. ஆனா வாயைத் திறக்க மாட்டா.

எங்க குழுவுக்கு ஒரு முறை உண்டும்மா. வட்டமா பாய்ல உட்காருவோம், ஏழெட்டுப் பேர். ஒவ்வொருத்தரும் தன்னோட விண்ணப்பத்தைச் சொல்லணும், நான் நோட்டுல எழுதிக்குவேன். அப்புறம் முழங்கால் போட்டு, அவங்கவங்க வலது பக்கம் இருக்கிறவங்களுக்காக சத்தமா ஜெபிக்கணும். பேர் சொல்லி ஜெபிக்கணும். மறைக்கக் கூடாது. அதுதான் முக்கியம். விசுவாசிகளை சீஷர்களாக்குற சீஷத்துவப் பயிற்சின்னு மூணு நாள் போயிட்டு வந்தேன், அங்க படிச்சது இது. ஒருத்தர் பாரத்தை இன்னொருத்தர் சுமக்கணும்னா முதல்ல அந்தப் பாரம் என்னன்னு தெரியணுமா வேண்டாமா? மூட்டையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிக்கிட்டா நான் எப்படித் தூக்குறது? இதை நான் நிறைய தடவை சொல்லியிருக்கேன். எல்லாரும் தலையாட்டுவாங்க.

பாக்கியத்தாய்னு ஒரு பாட்டியம்மா, மருமக அடிக்கிறதைச் சொல்லி அழுவா. ஏஞ்சலின்னு ஒருத்தி, கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை, டாக்டர் சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம சொல்லுவா. இவ மட்டும், எப்சிபா மட்டும், அவ முறை வரும்போது, "எனக்கு ஒண்ணும் இல்ல எக்கா, எல்லாருக்காகவும் ஜெபியுங்க" அப்படீன்னுருவா. அவங்க ஊர்ப்பக்கம் அக்காவை எக்கான்னுதான் சொல்லுவாங்க. ஒரு வாரம் ரெண்டு வாரம் சரி. ஏழு மாசம்! ஏழு மாசமா ஒரு மனுஷிக்கு ஒரு விண்ணப்பமும் இல்லைன்னா நம்ப முடியுமா? ஏஞ்சலின்கூட என்கிட்ட சொன்னா, "டீச்சரக்கா, நம்மளை மட்டும் எல்லாத்தையும் அவிழ்த்துக் கொட்டச் சொல்லுதீங்க, அவ பாட்டுக்கு வந்து கேட்டுட்டுப் போறா" அப்படீன்னு. நியாயந்தானே?

என் விண்ணப்பமா? நானும் சொல்லுவேன். முழங்கால் வலி. பென்ஷன் பேப்பர் ஒண்ணு இழுத்துக்கிட்டே கிடந்தது. இப்படி எதாவது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில அவ ஸ்கூலுக்குப் போகலைன்னு கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்தா. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சிருச்சு. "எத்தனை மாசம்?" னு கேட்டேன். "மூணாவது" ன்னா. சந்தோஷமா சொல்லலை. அழுதா. அப்படி ஒரு அழுகை. நான் பக்கத்துல உட்கார்ந்து, "என்னட்டி, சொல்லு, என்ன விஷயம்" னு கேட்டேன்.

அப்பதான் சொன்னா. முதல்ல ஒரு ஆண் பிள்ளை பிறந்திருக்கு. நாப்பது நாள்ல போயிருச்சு. காலையில பால் குடுக்க எடுத்திருக்கா, உடம்பு சில்லுன்னு இருந்திருக்கு. அடுத்த மாசம் இவ போய் கிணத்துல குதிச்சிட்டா. ரப்பர் வெட்டுற ஆட்கள் பார்த்து இழுத்துப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் மனநல ஆஸ்பத்திரியில இருந்திருக்கா. இப்பவும் மாத்திரை சாப்பிடுறா, எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மாசாமாசம் போய் வாங்குறா. இப்ப வயித்துல பிள்ளைன்னதும் டாக்டர் மாத்திரையைக் குறைச்சிட்டாரு.

"எக்கா, எனக்குப் பயமா இருக்கு. அது திரும்ப வந்திருமோன்னு பயமா இருக்கு" ன்னா. "எனக்க புருஷனைத் தவிர இந்த ஊர்ல ஆருக்கும் தெரியாது. நீங்க புரிஞ்சுக்கிடுவீங்கன்னு தோணிச்சு. அதான் உங்ககிட்ட சொல்லுதேன்."

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஏழு மாசம் கழிச்சு பூட்டு திறந்த மாதிரி. இத்தனை வருஷ ஊழியத்துக்கு ஒரு சாட்சி மாதிரி. வேற யார்கிட்டயும் சொல்லாம என்கிட்ட சொல்லியிருக்கான்னா, ஏன்? என்கிட்ட அவ எதையோ கண்டிருக்கா. அப்படித்தான் நினைச்சேன்.

கிளம்பும்போது கையைப் பிடிச்சிக்கிட்டு சொன்னா, "கூட்டத்துல வேண்டாம் எக்கா. நீங்க மட்டும் ஜெபியுங்க." சரின்னேன். பொய் சொல்லலை, அப்ப சரின்னுதான் சொன்னேன்.

ஆனா சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாளா யோசிச்சேன். எனக்குள்ள ஒரே போராட்டம். ஏழு பேர் சேர்ந்து ஜெபிக்கிறது பெரிசா, நான் ஒருத்தி ஜெபிக்கிறது பெரிசா? அவ உயிர் விஷயம், வயித்துப் பிள்ளை உயிர் விஷயம். வெட்கத்தைப் பார்த்து ஒரு ஆத்துமாவைத் தனியா விட்டுடறதா? வைத்தியர் கசப்பு மருந்து குடுக்கிறாருன்னா பிள்ளை வேண்டாம்னு சொல்லுதேன்னு விட்டுருவாரா?

செவ்வாய்க்கிழமை அவ வந்தா. என் வலது பக்கம் உட்கார வச்சேன்.

முறை வந்துச்சு. முழங்கால்ல நின்னேன். ஜெபிச்சேன். எப்சிபா பேரைச் சொல்லி ஜெபிச்சேன். ஆண்டவரே, உம்முடைய மகளைப் பாரும், அவ இழந்த பிள்ளையைப் பாரும், அவ குதிச்ச கிணத்துல இருந்து நீர் தூக்கினீரே, மூணு மாசம் ஆஸ்பத்திரியில காத்தீரே, இந்த மாத்திரைகள்ல இருந்து விடுதலை குடும், வயித்துல இருக்கிற கனியைக் காத்துக்கொள்ளும்னு. விவரமா ஜெபிச்சேன். ஆண்டவருக்குத் தெரியாததான்னு கேப்பீங்க. அவருக்குத் தெரியும். ஆனா விவரம் தெரிஞ்சாத்தானே மத்தவங்க ஆமென் சொல்ல முடியும்?

எல்லாரும் அழுதாங்கம்மா. பாக்கியத்தாய் மாரில அடிச்சிக்கிட்டு அழுதா. பிள்ளை இல்லாத ஏஞ்சலின் எழுந்து வந்து எப்சிபா தலையில கையை வச்சு ஜெபிச்சா. பதினோரு வருஷத்துல அன்னைக்கு மாதிரி ஒரு ஜெபம் எங்க வீட்டுல நடந்ததில்லை. இதை நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

எப்சிபா நெற்றியைத் தரையில வச்சபடியே கிடந்தா. ஜெபம் முடிஞ்சு எல்லாரும் எழுந்தாச்சு, நான் டீ கலந்து கொண்டு வந்தாச்சு, அப்பவும் அவ எழும்பலை. ஆவியானவர் கிரியை செய்றாரு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான் எல்லாரையும் வராந்தாவுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு வெளியே வந்தா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. "நான் வாறேன் எக்கா" ன்னா. டீ குடிக்கலை. அதுதான் அவ எங்க வீட்டுக்கு வந்த கடைசி நாள்.

நான் யார்கிட்டயும் போய் சொல்லலைம்மா. ஜெபத்துல சொன்னதோட சரி. ஏஞ்சலின் தன் நாத்தனார்கிட்ட, அவளுக்காகவும் ஜெபம் பண்ணுன்னு சொல்லியிருக்கா. நாத்தனார் பிள்ளை அந்த நர்சரி ஸ்கூல்ல படிக்குது. அவ்வளவுதான். ரெண்டே வாரம். வாய் மாறி வாய் மாறி, ஸ்கூல் வாசல்ல நிக்கிற தாய்மார் பேச்சுல கதை எப்படி ஆயிருச்சு தெரியுமா? பிள்ளை செத்து இவ கிணத்துல குதிச்சது போயி, இவ பிள்ளையைக் கிணத்துல போட்டவள்னு ஆயிருச்சு.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சத்தியமா சொல்லலை. நான் சொன்னதெல்லாம் சரியாத்தான் சொன்னேன்.

கேள்விப்பட்ட அன்னைக்கே ஸ்கூலுக்கு ஓடினேன். அங்க ஹெச்.எம். மேடம் எனக்குத் தெரிஞ்சவங்கதான். "மேடம், ஜனங்க சொல்றது பொய். பிள்ளை தானாத்தான் இறந்தது. இவதான் கிணத்துல குதிச்சா. மூணு மாசம்தான் மனநல ஆஸ்பத்திரியில இருந்தா, இப்ப ஒழுங்கா மாத்திரை போடுறா" னு தெளிவா எடுத்துச் சொன்னேன். அவங்க பேனாவைக் கீழே வச்சிட்டு என்னைப் பார்த்தாங்க. "அப்ப ஆஸ்பத்திரியில இருந்தது உண்மைதானா டீச்சர்? நான் இதுவரைக்கும் வதந்தின்னுல்ல நினைச்சேன்" னாங்க. நான் என்ன சொல்லட்டும்? உண்மையைத்தானே சொல்லணும். திங்கட்கிழமையில இருந்து அவளை வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. பிள்ளைககிட்ட சொல்லிட்டு வரக்கூட அவளை விடலையாம்.

அவ வீட்டுக்கு நாலு தடவை போனேன். கதவு திறக்கலை. உள்ள ஆள் இருக்கிறது தெரியுது, குக்கர் சத்தம் கேக்குது, கதவு திறக்கலை. அஞ்சாவது நாள் றசல்ராஜ் எங்க வீட்டு கேட்டுக்கு வந்து நின்னான். உள்ள வான்னேன், வரலை. சத்தம் போடுவான்னு நினைச்சேன். போடலை. கேட்டுக் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு மெதுவா கேட்டான், "டீச்சரம்மா, ஆண்டவர்கிட்ட சொல்லணும்னா அவளே சொல்லியிருப்பா. அவ தினமும் சொல்லிட்டுத்தான் இருந்தா. உங்ககிட்ட எதுக்கு சொன்னா?"

 "நல்லதுக்குத்தான் தம்பி செஞ்சேன்" னு சொன்னேன். அவன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். மாசக் கடைசியில ஒரு மினி லாரியில சாமான் ஏத்திட்டுப் போயிட்டாங்க. நல்ல வேலையை விட்டுட்டுப் போனான். அவ முன்னால டிரைவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா, வயிறு லேசா தெரிஞ்சது. நான் வாசல்ல நின்னேன். அவ திரும்பிப் பார்க்கலை. திரும்பிப் பார்த்திருந்தா நான் கையைக் காட்டியிருப்பேன்.

அதுக்கப்புறம் ஜெபக்குழு என்னமோ மாதிரி ஆயிருச்சு. யாரும் சண்டை போடலை. வாராங்க, பாய்ல உட்காருறாங்க. நோட்டை எடுத்தா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. பாக்கியத்தாய்கிட்ட, "மருமக எப்படியிருக்கா?" ன்னு கேட்டா, "நல்லாத்தான் பார்த்துக்கிடுதா டீச்சரக்கா" ங்கிறா. முழங்கையில அடிபட்ட காயம், சேலையை இழுத்து மூடிக்கிட்டு, நல்லாத்தான் பார்த்துக்கிடுதாங்கிறா. ஏஞ்சலின் டாக்டர்கிட்ட போறதையே சொல்றதில்லை. நாட்டுக்காக ஜெபிங்க, மழைக்காக ஜெபிங்கங்கிறாங்க. ஆறு பேரு நாலு பேராச்சு, நாலு ரெண்டாச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பாயைச் சுருட்டி வச்சிட்டேன்.

இனி சொல்லப்போறது உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நீங்க நாகர்கோவில்ல இறங்கிப் போயிருவீங்க.

எனக்கு ஒரே மகன். ஆல்வின். முப்பத்தியொரு வயசு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்னு சபையில சொல்லியிருக்கேன். இருந்தான், அது பொய் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால வேலையை விட்டுட்டு வந்துட்டான். விட்டுட்டு வரலை, அனுப்பிட்டாங்க. குடி. காலையில எழும்பினதும் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஜெபம் நடக்கும்போது பின்னறையில இருப்பான், வெளியே பூட்டிருவேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல குடிக்கு மருந்து குடுப்பாங்க, கூட்டிட்டுப் போவேன். இப்ப ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்துல இருக்கான். மூணாவது தடவை.

குழுவுல ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கலை, ஆனா முகம் கேக்குது. அது வேறம்மா. நான் குழுவை நடத்துறவ. என் வீட்டுக் கதையே இப்படின்னா மத்தவங்க விசுவாசம் என்னாகும்? அதை எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல வச்சிக்கிட்டேன்.

மாசத்துல மூணாவது ஞாயிறு இல்லத்துல பார்க்க விடுவாங்க. போன மாசம் போயிருந்தேன். மரத்தடியில உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தோம். திடீர்னு கேட்டான், "அம்மா, எப்சிபா அக்கா எப்படியிருக்காங்க? பிள்ளை நல்லபடியா பிறந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "உனக்கு அவளை எப்படிடா தெரியும்?" னு கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில தெரியும்" ங்கிறான். "வியாழக்கிழமை லைன்ல என்னை பெஞ்சுல உட்கார வச்சிட்டு, நீ தூரமா போய் கண் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேல்ல, தெரிஞ்சவங்க பார்த்திருவாங்கன்னு. முக்காடு போட்டுக்கிட்டு நிப்பியே. அவங்களும் மாத்திரை வாங்க வருவாங்க. முதல்ல உன்னைப் பார்த்திருக்காங்க. அப்புறம் என்கிட்ட வந்து உட்கார்ந்தாங்க. டீ வாங்கிட்டு வருவாங்க. என் கை ஆடும், அவங்கதான் கிளாஸைப் பிடிச்சிக்குவாங்க."

"என்கிட்ட அவ ஒரு வார்த்தை சொல்லலையேடா" ன்னேன்.

"நான்தான் சொல்லாதீங்கன்னேன். அம்மா செத்திருவாங்க, அவங்களுக்கு மானம் பெரிசுன்னு சொன்னேன். அவங்க சிரிச்சிட்டு, நான் ஆருட்டயும் சொல்லமாட்டேன் மக்களேன்னாங்க. அவங்க ஊர்ல சின்னவங்களைச் செல்லமா அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். உன்னைப் பத்தி நல்லாத்தான் பேசினாங்க. டீச்சரக்காவும் என்னைப்போலதான் பயந்து நிக்காவன்னாங்க."

அப்ப அவ என்கிட்ட எதையோ கண்டுதான் சொல்லியிருக்கா. நான் என்னமோ என் ஜெபத்தைப் பார்த்துச் சொன்னான்னு நினைச்சேன். அவ என்னை அந்தக் கண் ஆஸ்பத்திரி வாசல்ல முக்காடோட பார்த்திருக்கா. இவங்களும் நம்மளை மாதிரிதான், இவங்ககிட்ட சொல்லலாம்னு நினைச்சிருக்கா. ஏழு மாசமா எல்லாருக்காகவும் ஜெபியுங்கன்னு சொன்னாளே, அதுல என் பிள்ளையும் இருந்திருக்கான். என் வீட்டுப் பாய்ல உட்கார்ந்து, பின்னறை பூட்டியிருக்குன்னு தெரிஞ்சே உட்கார்ந்திருக்கா. என் மகனைப் பத்தி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யார்கிட்டயும் பேசலை.

ஆனா பாருங்க, அவளும் மறைச்சாள்ல? முதல்லயே என்கிட்ட, எக்கா உங்களை அங்க பார்த்தேன்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி நடந்திருப்பேனே. மாட்டேனா? தெரியலை. நடந்திருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

அவங்க இருந்த வீட்டுக்காரர்கிட்ட கெஞ்சி விலாசம் வாங்கினேன். எங்க ஊர் இனிப்பு, மக்ரூன் ரெண்டு டப்பா வாங்கிக்கிட்டு இன்னைக்குக் காலையில கிளம்பி வந்தேன். மன்னிப்புக் கேக்கணும்னு வரலை, என் பிள்ளைக்குச் செஞ்சதுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். மன்னிப்பு எதுக்குன்னு வழியெல்லாம் யோசிச்சேன். எதுக்குன்னு பேர் வச்சுக் கேக்குறது?

வீடு ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல, ஓடு போட்டது. அவ முற்றத்துல உட்கார்ந்திருந்தா. முந்திரி ஆபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில, வேலைக்குப் போறாளாம், இன்னைக்கு லீவு. கை ரெண்டும் கறுத்துப்போய் இருந்துச்சு, முந்திரிக்கொட்டை ஓட்டுப் பால் பட்டுப் பட்டு. பக்கத்துல பாய்ல ஒரு பெண் குழந்தை, பத்து மாசம் இருக்கும், நல்லா கொழுகொழுன்னு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. "ஜெபம் கேக்கப்பட்டதுட்டி" ன்னு சொல்லிட்டேன். வாய்ல வந்துருச்சு. அவ நாற்காலி எடுத்துப் போட்டா.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி முறத்தோட வந்து உட்கார்ந்திருந்தா. நான் எப்சிபாகிட்ட அரை மணி நேரம் பேசினேன். நான் அப்படிச் சொல்லலை, ஏஞ்சலின் நாத்தனார்தான் மாத்திட்டா, ஹெச்.எம்.கிட்டகூட நான்தான் போய் உனக்காகப் பேசினேன், எல்லாத்தையும் சொன்னேன். அவ பிள்ளைக்குக் கிலுக்கை ஆட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரி புடைக்கிறதை நிறுத்திட்டு என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா. எப்சிபா முகம் ஒரு மாதிரி ஆச்சு. "அது எல்லாம் கழிஞ்சு போச்சு எக்கா" ன்னு நிறுத்திட்டா. அப்புறம் கேட்டா, "ஆல்வின் எப்படியிருக்கான்?"

அந்தப் பொம்பளை அங்கதான் உட்கார்ந்திருக்கா. யாருன்னே எனக்குத் தெரியாது, இனிமே பார்க்கவும் போறதில்லை. என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமாம்மா? "பெங்களூர்ல நல்லா இருக்கான்" னு சொல்லுச்சு.

எப்சிபா என்னை நிமிர்ந்து பார்த்தா. ஒரு நிமிஷம். அவ சொல்லியிருக்கலாம். எக்கா, நான் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தவள்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சந்தோஷம் எக்கா" ன்னா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட திரும்பி, "டீச்சருக்க மகன் நல்ல படிப்பாளி" ன்னு சொன்னா.

அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. அந்தப் பொம்பளை பயந்துபோய் முறத்தைத் தூக்கிக்கிட்டு எழும்பிப் போயிட்டா. நான் அழுதேன்.  சேலையை மூஞ்சில வச்சிக்கிட்டு, "அவன் இல்லத்துல இருக்கான்டி, மூணாவது தடவை, எனக்குப் பயமா இருக்குட்டி" ன்னேன். "எனக்கு அறியும் எக்கா. இருக்கட்டும். வருவான்" ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறியான்னு கேட்டேன். போறதில்லையாம். றசல்ராஜ் மட்டும் பண்டிகைக்குப் போவானாம். "ஆள் கூடின இடத்துல கண்ணை மூட முடியல்ல எக்கா. யாரு என்ன சொல்லப் போறாங்களோன்னு காதுதான் திறந்திருக்கு" ன்னா. குற்றம் சொல்ற மாதிரி சொல்லலை. காய்ச்சல்னு சொல்ற மாதிரி சொன்னா.

கிளம்புற நேரம் ஆச்சு. எனக்குப் பழக்கம்ல, ஜெபிச்சிட்டுப் போறேனேன்னு முழங்கால் போட்டேன். அவளும் போட்டா. நான் தொண்டையைக் கனைச்சேன். அவ மெதுவா, "எக்கா, சத்தமில்லாம ஜெபிக்கலாமா? மனசுக்குள்ள?" ன்னு கேட்டா.

சரின்னேன். கண்ணை மூடினேன்.

ஒண்ணும் வரலைம்மா. பதினோரு வருஷம் குழு நடத்தினவ. மணிக்கணக்கா ஜெபிக்கிறவ. எந்தக் கல்யாணம், எந்தச் சாவுன்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு வார்த்தை வரலை. பரலோகப் பிதாவேன்னேன், அதுக்கு மேல இருட்டா இருந்துச்சு. கேக்குறதுக்குப் பக்கத்துல ஆள் இருந்தாத்தான் எனக்கு வரும்போல. இல்லைன்னா யார்கிட்ட பேசுறேன்னே தெரியலை. குழந்தை கிலுக்கையைத் தட்டுற சத்தம் கேக்குது. தோட்டத்துல காத்து அடிக்குது. பக்கத்துல அவ மூச்சு விடுறது கேக்குது. அவ பேசிக்கிட்டிருக்கா, எனக்குத் தெரியுது, யார்கிட்டயோ நல்லா தெரிஞ்சவங்ககிட்ட பேசுற மாதிரி பேசிக்கிட்டிருக்கா. நான் வாசலுக்கு வெளியே நிக்கிறேன்.

எவ்வளவு நேரம்னு தெரியலை. முழங்கால் மரத்துப் போச்சு.

அப்புறம் அவ ஆமென்னு சொல்லிட்டு எழும்பிட்டா. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.